இடது மூலையில் ஒரு வெட்டு

பாத்திரம் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, மேடம். எங்கள் வீட்டில் சமையலுக்குச் சண்டை வந்திருக்கிறது, துணி மடிக்கச் சண்டை வந்திருக்கிறது, தொட்டியில் கிடக்கும் பாத்திரத்துக்கு மட்டும் சண்டையே வந்ததில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றால் எனக்கு மனசு லேசாகிவிடும். "போன ஜென்மத்துல நீ தண்ணிக் குழாயா இருந்திருப்பேக்கா" என்று என் தங்கை கேலி செய்வாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, அவள் பேச்சு அப்படித்தான். சின்ன வயதிலேயே அவளுக்கு வாலு என்று நான் பெயர் வைத்துவிட்டேன். வீட்டில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. வீடு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா நோயில் போனாள். அப்போது வாலு ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து அவளுக்குத் தாயும் தகப்பனும் நான்தான்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லச் சொன்னீர்கள். நாங்கள் காயத்துக்கு வைக்கும் தாள் செய்கிறோம். தாள் என்பது எங்களுக்குள் சொல்வது, காகிதம் இல்லை. மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜனைக் கஞ்சி மாதிரிக் கரைத்து, தட்டில் ஊற்றி, உறையவைத்து, உறைந்த நீரை மட்டும் இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்துவிட்டால் வெள்ளை வெளேரென்று ஒரு மெல்லிய பஞ்சு மிஞ்சும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அறைகள். பெரிய காயத்தில் தோல் தானாக வளராது, ஏறிப் பிடிக்க அதற்கு ஒன்றும் இருக்காது. இந்தப் பஞ்சை வைத்தால் உடம்பின் செல்கள் அந்த அறைகளில் குடியேறும். பின்னாலேயே ரத்தக்குழாய் நுழையும். புதுச் சதை கட்டும். கட்டடம் எழுப்பும்போது கம்புகளால் சாரம் கட்டுகிறார்களே, அதே விஷயம். ஒரே வித்தியாசம், இந்தச் சாரத்தை யாரும் பிரிக்க வேண்டாம். கட்டடம் எழ எழ இது கரைந்து காணாமல் போய்விடும்.

"நல்ல சாரம்னா வேலை முடிஞ்சதும் இருந்த தடமே தெரியக் கூடாது" என்று எங்கள் லேப் தலைவர் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒருபோதும் பிடித்ததில்லை. அத்தனை பாரத்தையும் தாங்கிய ஒன்றுக்கு இதுதானா மரியாதை என்று தோன்றும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும். பஞ்சை அப்படியே வைத்தால் காயத்தின் ஈரத்தில் சீக்கிரமே கரைந்துவிடும். அதனால் ஒரு திரவத்தில் ஊறவைத்து இறுக்குவோம். அந்தத் திரவம் செல்களுக்கு விஷம். ஆகவே இறுக்கிய பிறகு கழுவ வேண்டும். திரும்பத் திரும்ப, சலிக்காமல், அதன் வாசனையே இல்லை என்று சோதனை சொல்லும்வரை கழுவ வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் குடிவந்த செல்கள் வாசலிலேயே செத்து விழும். கழுவிய தாளையும் கழுவாத தாளையும் அருகருகே வைத்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல எங்கள் தலைவராலும் முடியாது.

கழுவும் பகுதி என் பொறுப்பு. என் கையால் கழுவிய ஒரு தாள்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. இதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

வாலு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். தண்ணீரில் அவளைப் பார்த்தால் கரையில் நடப்பதே அவளுக்குச் சிரமம் என்று தோன்றும். தூரத்தில், கடலோர நகரம் ஒன்றில், பெரிய நீச்சல் குளத்தில் தலைமைப் பயிற்சியாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது. தங்குவதற்கு அறையும் கொடுத்தார்கள். என்னிடம் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டாள்.

"அங்க உனக்கு யாருடி இருக்கா?"

"யாரும் இல்லாததுதாங்க்கா அங்க விசேஷமே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவளுக்காக நான் எதையெல்லாம் விட்டேன் என்று அன்று லேசாக நினைவுபடுத்தினேன். எனக்கு வந்த நல்ல இடங்களையெல்லாம் அவள் படிப்புக்காக வேண்டாம் என்று சொன்னவள் நான். அதற்கு அவள், "பொய் சொல்லாதேக்கா. பொண்ணு பாக்க வந்த ஆளோட மீசையைப் பாத்துட்டு ரெண்டு நாள் சிரிச்சியே, நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றாள். இப்படித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பாக்கிவிடுவாள். அப்புறம் பேச்சைத் தொடர முடியாது.

விபத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, மேடம். அதை நீங்களே விசாரித்துவிட்டீர்கள். மழையில் பைக் சறுக்கி, ரோட்டில் அவள் காலை இழுத்துக்கொண்டு போனது. இடது காலின் முன்பக்கம், முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை தோலே இல்லை. எலும்பு வெளியே தெரிந்தது. நான் அழவில்லை. அழுதால் வேலை நடக்காது.

பிளாஸ்டிக் சர்ஜன் எங்கள் லேபுக்குத் தெரிந்தவர். எங்கள் தாளைத்தான் வைத்தார். முதல் சில வாரங்கள் ஆஸ்பத்திரி. பிறகு, "உங்களைவிட நல்ல நர்ஸ் எங்க கிடைப்பாங்க? வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. தாள் மாத்துறது, கட்டு மாத்துறது எல்லாம் நீங்களே பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட காட்டினாப் போதும்" என்றார். என்னை நம்பினார். நம்பும்படிதான் நான் இருந்தேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. வாசல் கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கதவு உண்டு. நான் வேலைக்குப் போகும்போது அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். யாராவது வந்து மணியடித்தால் அவள் நொண்டிக்கொண்டு எழுந்து வருவாள், விழுவாள், கட்டு நனையும். அதற்காகத்தான். விபத்தில் அவள் போனின் கண்ணாடி உடைந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரன் இழுத்தடித்தான். பிறகு கொடுத்துவிட்டான். அது என் லேப் பெட்டியில் இருந்தது, நீங்கள் எடுத்தீர்கள். அவள் கேட்கும்போதெல்லாம் கடைக்காரன் இன்னும் இழுத்தடிக்கிறான் என்றே சொல்லி வந்தேன். ஓய்வெடுக்க வேண்டியவளுக்குப் போன் எதற்கு?

அவள் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் ஒரு தண்ணீர்க் குழாய் இறங்கும். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். சில நாள் மல்லாந்து படுத்தபடியே இரண்டு கைகளையும் வீசி நீந்துவாள். மூச்சைக்கூட தண்ணீரில் இருப்பது மாதிரி தலையைத் திருப்பித் திருப்பி இழுப்பாள். மாலையில் நான் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து குரல் வரும்: "ஜெயிலர் அம்மா வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க." இரண்டு பேரும் சிரிப்போம்.

காயம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மிகவும் நன்றாக. அடியில் செக்கச் சிவந்த சதை, மாதுளை முத்து மாதிரி. ஓரத்திலிருந்து தோல் உள்ளே நகர ஆரம்பித்துவிட்டது. எங்கள் தாளை இவ்வளவு அழகாக ஏற்ற காயத்தை நான் படத்தில்கூட பார்த்ததில்லை. டாக்டர் அடுத்த மாதம் தண்ணீரில் இறங்கலாம் என்றார். குளத்து மேலாளர் என் போனுக்குக் கூப்பிட்டு, "அவங்களுக்காகக் காத்திருக்கோம், அவசரமில்லை" என்றார். வாலு அன்றைக்கே ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு பெட்டியைத் தூசி தட்டினாள்.

அந்த வாரம் லேபில் கழுவும் பம்ப் பாதியில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் அந்தத் தட்டில் உள்ள தாள்களையெல்லாம் எரிக்க அனுப்ப வேண்டும். அனுப்பினேன். ஒன்று மட்டும் என் பையில் வந்துவிட்டது. கை எடுத்துப் போட்டிருக்கிறது.

அதை வைத்த இரண்டாம் நாளே, "எரியுதுக்கா" என்றாள்.

"எரிஞ்சா நல்லதுடி. உயிர் பிடிக்குதுன்னு அர்த்தம்."

அடுத்த முறை கட்டைப் பிரித்தபோது சிவப்பு மங்கி மஞ்சளாக இருந்தது. ஓரத்துத் தோல் வந்த வழியே பின்வாங்கியிருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். அப்படி அழுது நான் அவளைப் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட இல்லை. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லைன்னா நான் என்னாவேன்க்கா" என்றாள்.

இதை அவள் பன்னிரண்டு வயதில் தினமும் சொல்வாள், மேடம். பிறகு நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. அன்று அதைக் கேட்டபோதுதான், இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு பையில் தானாக வரவில்லை. நானே எடுத்து வந்தேன்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் கண்மூடித்தனமாக எதையும் செய்யவில்லை. காயம் கெட்டுப்போக ஒரு நாளும் விட்டதில்லை. சீழ் வைத்ததா? இல்லை. காய்ச்சல் வந்ததா? இல்லை. டாக்டரிடம் போகும் சமயம் நெருங்கினால் கழுவிய தாளை வைப்பேன். காயம் தலை தூக்கும். டாக்டர், "பரவாயில்லையே, முன்னேற்றம் தெரியுது, கொஞ்சம் மெதுவாத்தான் போகுது" என்பார். திரும்பி வந்ததும் கழுவாத தாள். காயம் தலை குனியும். நம்பிக்கையும் போகாமல், கால் ஆறியும் போகாமல், இரண்டுக்கும் நடுவில் பிடித்து வைப்பது சாதாரண வேலையில்லை. எங்கள் துறையில் வேறு யாராலும் முடியுமா என்பது சந்தேகம்.

நானும் அவளோடு சேர்ந்துதான் அடைந்து கிடந்தேன், அதை யாரும் யோசிப்பதில்லை. லேப், வீடு, லேப், வீடு. ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு கடைத்தெருவுக்குப் போனதில்லை. இரும்புக் கதவை வெளியே நின்று பூட்டுகிறவள் வெளியே இருக்கிறாள் என்றா நினைக்கிறீர்கள்? படி இறங்கும்போதே திரும்பி ஏறும் நேரத்தை நினைத்துக்கொண்டுதான் இறங்குவேன்.

குளத்து மேலாளர் மறுபடி கூப்பிட்டபோது அவள் இனி வர மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் பிழைப்பைக் காக்கவைப்பது நியாயமில்லை. வாலுவிடம், அவர்களே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று கை வீசி நீந்தவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். நான் செய்த ஒரே தவறு.

தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு. துளையுள்ள பக்கம் காயத்தைத் தொட வேண்டும். வழவழப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும். ஈரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் லேபில் எல்லாத் தாளிலும் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டிவிடுவோம். தாளை நெட்டாகப் பிடித்து, வெட்டு மேலே வலது கைப்பக்கம் வரும்படி வைத்தால், சரியான பக்கம் கீழே இருக்கிறது என்று அர்த்தம். எந்த நாட்டு நர்ஸுக்கும் இதுதான் விதி.

வீட்டில் இரண்டு வகைத் தாளும் ஒரே டப்பாவில், ஃபிரிட்ஜில் இருந்தன. ஒவ்வொன்றும் ஸ்பிரிட் ஊற்றிய தனித்தனிச் சின்னப் பையில். எது எது என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? வேறு ஒருத்தியாக இருந்தால் தனித்தனியாக ஒளித்து வைத்திருப்பாள், இல்லை, நினைவில் வைத்திருப்பாள். எனக்கு அது முடியாது. அடையாளம் இடாத தாளைத் தொடுவதில்லை என்று இருபது வருஷமாகப் பழகிய கை. கழுவாத தாள்களை லேபில் வெட்டுப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுவேன் என்பதால் அவற்றில் நானே வெட்டினேன். இடது மூலையில்.

போதாக்குறைக்கு விதியை அவளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் கட்டு மாற்றும்போது, "இதை ஏன்க்கா நறுக்கியிருக்கு? எலி கடிச்சதா?" என்று கேட்டாள். என் வேலையைப் பற்றி அவள் எதையும் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வலது மூலை, துளையுள்ள பக்கம், இறுக்கும் திரவம், ஏன் அவ்வளவு கழுவுகிறோம், கழுவாவிட்டால் என்ன ஆகும், எல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப நீ லேப்லயும் பாத்திரம்தான் கழுவுறேன்னு சொல்லு" என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு எனக்கு ஒரு நாள் கடும் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கட்டு ஈரமாகிவிட்டது என்று அவளே டப்பாவைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் அரைத் தூக்கத்தில், "வெட்டு வலது பக்கம்டி" என்று மட்டும் சொன்னதாக நினைவு. சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் அவளிடம் சின்னச் சின்ன மாற்றம். எரிகிறது என்று சொல்வதை நிறுத்தினாள். பழகிவிட்டது போல என்று நினைத்தேன். குளியலறைத் தரை எப்போதும் ஈரமாகவே இருந்தது. தண்ணீரில் வாழ்ந்தவள், ஏங்கிப்போய் ரொம்ப நேரம் குளிக்கிறாள் என்று நினைத்தேன். தொட்டிக்கு அடியில் ஸ்பிரிட் பாட்டில் சீக்கிரம் காலியானது. மூடி சரியில்லை என்று வேறு வாங்கினேன். கட்டு மாற்றும்போது, "காட்டாதேக்கா, பார்த்தா எனக்கு மயக்கம் வருது, உன் கட்டைவிட டாக்டர் கட்டே மேல்" என்று சீண்டி, பாதிக்கு மேல் பிரிக்கவிட மாட்டாள். ஓரத்தை மட்டும் தூக்கித் தாளை நுழைத்துவிட்டு மூடிவிடுவேன். நான் வைத்தது இடது மூலைத் தாள் என்பதால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்க வேண்டிய தேவை இல்லை.

மாலையில் அதே குரல், அதே கேலி: "ஜெயிலர் அம்மா வந்தாச்சு." அவள் மனசு தேறிவிட்டது, என்னோடு இருப்பதை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று நம்பினேன். அந்த மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நிம்மதியான மாதம்.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. இந்த முறை கழுவிய தாளுக்கு மாற்ற மறந்துவிட்டேன். நிம்மதியில் வந்த மறதி. போகும் வழியில் டாக்டரிடம் சொல்ல ஒரு காரணம் தயார் செய்துகொண்டேன்.

டாக்டர் கட்டை முழுவதும் பிரித்தார். கடைசிச் சுற்றில் நின்றார்.

"அட, இது எப்ப நடந்தது?"

கணுக்கால்வரை மூடியிருந்தது, மேடம். ஒரு விரல்நுனிகூடத் திறப்பு இல்லை. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, குழந்தையின் உதடு மாதிரிப் புதுத் தோல்.

டாக்டர் கைதட்டாத குறைதான். நர்ஸைக் கூப்பிட்டார், போட்டோ எடுக்கச் சொன்னார். வாலு காலைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் என் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சரிசெய்யப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது.

"டாக்டர், காலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். "எங்கக்கா முகத்தை ஒரு தடவை பாருங்க."

அவர் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள்.

பிறகு வாலு நிதானமாகச் சொன்னாள். நான் காய்ச்சலில் கிடந்த நாளில், விதிப்படி வெட்டை வலது பக்கம் வைத்திருக்கிறாள். தாள் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. விரலால் தடவிப் பார்த்தால் பக்கம் தலைகீழ். டப்பாவில் உள்ளவற்றையெல்லாம் எடுத்துத் தடவிப் பார்த்திருக்கிறாள். பாதி வலது, பாதி இடது. இடது மூலைத் தாள் ஒன்றை மூக்கருகே வைத்திருக்கிறாள். ஸ்பிரிட்டையும் மீறி வேறு ஒரு நெடி. எரிந்த வாரங்களில் என் கையில் எந்த மூலை இருந்தது என்று படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். கதவைத் தட்டிக் கத்தியிருக்கலாம். கத்தினால், வலியில் பிதற்றுகிறாள் என்று நான் சொல்வேன், எல்லோரும் என்னைத்தான் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கத்தவில்லை. கழுவினாள்.

நான் பூட்டிக்கொண்டு போனதும் இடது மூலைத் தாள்களையெல்லாம் எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், நாள் முழுக்க, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவியிருக்கிறாள். நெடி போகும்வரை. பிறகு புது ஸ்பிரிட் ஊற்றி அதே பைகளில் அதே வரிசையில் வைத்துவிடுவாள். மாலையில் நான் வந்து என் கையாலேயே அதை அவள் காலில் வைப்பேன்.

"நல்லாக் கழுவியிருக்கேனாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை. பிறகு டாக்டரிடம், "நான் வீட்டுக்குப் போகல டாக்டர். இங்கயே எங்கயாவது ஒரு கட்டில் குடுங்க. குளத்து நம்பர் எனக்கு மனப்பாடம், ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேன்" என்றாள்.

கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நின்றாள்.

அடுத்து நடந்ததை நர்ஸ் உங்களிடம் மிகைப்படுத்திச் சொல்லியிருப்பாள். நான் குனிந்தேன், அவ்வளவுதான். புதுத் தோலின் உறுதியைச் சோதிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. பார்க்க மூடியிருந்தாலும் அடியில் பிடிப்பு இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? கட்டைவிரல் நகத்தை மேல் ஓரத்தில் வைத்துக் கீழே இழுத்தேன். பாலாடை மாதிரி வந்தது. எதிர்பார்த்ததைவிட லேசாக. அவள் கத்தியது எனக்குக் கேட்டது. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததும் தெரிந்தது. கணுக்கால்வரை போய்விடலாம் என்று பார்த்தேன், விடவில்லை. நான் சொன்னது சரி, பார்த்தீர்களா, அடியில் பிடிப்பே இல்லை. அப்படிப்பட்ட காலோடு அவளைக் கடலோரத்துக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் ஆம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கழுவாத தாள்களை எடுத்து வந்தது நான். வேண்டுமென்றேதான் வைத்தேன். போனை ஒளித்தேன். அவள் வேலையைக் கெடுத்தேன். கதவைப் பூட்டினேன். கடைசியில் நகத்தால் கிழித்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எதையும் மறுக்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னாளாம், சொல்லட்டும். வலியில் பேசுகிறாள்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன், மேடம். அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் வேலை தெரியாதவர்கள், எல்லாவற்றிலும் அவசரம். இரண்டு நல்ல தாளை வைத்து மளமளவென்று ஆறவைத்துவிடுவார்கள். போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் வரும்வரை அந்தக் காலை மூடவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.